விசைப்பலகையும் நம் கடமையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் சுருக்கம்)



இம்மலருக்கென நம் சங்கத்தின் பழைய அறிக்கைகளைத் தேடியபோது, 2004ஆம் ஆண்டிற் கணினியில் தட்டெழுதி வைத்த கோப்பொன்று கிடைத்தது. ஆவலோடு திறந்தோம். "தமிழ்" என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன! அமரராகிவிட்ட அன்பர் பலரின் தொண்டு அக்கோப்பில் உளது, வாசிக்கத்தான் இயலவில்லை. அவர்கள் கையால் எழுதிய கூட்டக் குறிப்புக்களோ இன்றும் தெளிவாக இருக்கின்றன.

இதன் காரணம் யாது? அக்கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டப்பெற்றது. ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்திய ஏற்பாடு அது. கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்து. மேலே போர்த்தியிருப்பது தமிழ்ச் சால்வை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் சால்வை நழுவிவிடுகிறது.

பாமினியைப் பழித்தல் நம் நோக்கமன்று. திருமண அழைப்பிதழ் முதல் நினைவு மலர் வரை எத்தனையோ அதனால் வெளிவந்தன. அதன் வழி தட்டெழுத்துப் பொறியின் வழியாகும். தமிழெழுத்துக்கள் 247, பொறியின் விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. இவ்விடரை வென்றவர்களுள் முதன்மையானவர் நம் சுண்டிக்குளி தந்த ஆர். முத்தையா அவர்கள். சிங்கப்பூரில் வாழ்ந்த அப்பெரியார் ஆக்கிய பொறி, 1930களில் ஜேர்மனியிற் செய்விக்கப்பட்டது. எழுத்தைத் துண்டு துண்டாகத் தட்டுவதே அம்முறை: "கோ" எழுதக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டு.

இன்று நிலைமை வேறு. 1991இல் வெளியான யூனிக்கோடு முறை தமிழெழுத்துக்களுக்கென்றே தனி எண்களை ஒதுக்கியது. அம்முறையில் எழுதியது எந்நாட்டுக் கணினியிலும் தமிழாகவே திறக்கும்.

"புதிய முறைக்குப் பழகிய விரல்களை மாற்றவேண்டுமோ?" எனப் பெரியோர் வினவலாம். வேண்டியதில்லை. சேமிக்கும் முறை வேறு. விசைகளின் ஒழுங்கு வேறு. தட்டெழுத்துப் பழகியோர்க்கு அவ்வொழுங்கைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது. புதிதாகக் கற்போர்க்கு 1999இல் தமிழ்நாட்டில் வகுக்கப்பெற்ற தமிழ் 99 எளிது. உயிர் இடப்புறம், மெய் வலப்புறம். ககரமும் ஓகாரமும் தட்டினாற் "கோ" வரும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் "அம்மா" வரும். இடையிலுள்ள புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும்.

அமைப்பதும் கடினமன்று. விண்டோஸ் கணினியின் அமைப்புக்களில் மொழிப் பகுதியைத் திறந்து, தமிழைச் சேர்த்து, அதனுள் தமிழ் 99 விசைப்பலகையைத் தெரிந்துகொள்க. பின்னர் விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்த, ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். பணச் செலவு ஏதுமில்லை.

ஆங்கில எழுத்திலே தமிழை எழுதிக் கைத்தொலைபேசியில் அனுப்பும் தம்பி, தங்கையரே! ஆங்கிலம் அறியாத அம்மம்மா அதனை எவ்வாறு வாசிப்பார்? பழகும் சில நாள்கள் விரல் தடுமாறும். பின்னர் தானே ஓடும்.

பழைய கோப்புக்களும் அழிந்துவிடவில்லை. அவற்றை யூனிக்கோடுக்கு மாற்றும் கருவிகள் உள. மாற்றியபின் ஒருவர் வாசிக்க மற்றொருவர் பிழை திருத்தல் வேண்டும். பெயர்களைச் சரிபார்க்கப் பெரியோர் வேண்டும். தட்டெழுத இளைஞர் வேண்டும். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் இப்பணியை நாம் முடிப்போமாக. நம்மவர் செய்த தொண்டு நம் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தமிழாகவே கிடைக்கட்டும்.