சுங்கான் பட்டறைக்கு ஒரு கடைசல் இயந்திரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியம் முழங்கும் மேடையில் இயந்திரத்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நம் குடியிருப்பில் பாதிப் பேர் இரும்போடு பழகி உண்டவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். மேலும், இப்பொருளின் பின்னே ஒரு குடும்பத்தின் கேள்வி நிற்கிறது. நம்மிடையே வளர்ந்த இளைஞர் ஒருவர், சுங்கான் செய்யும் சிறு பட்டறை வைத்து, தம் கைப்படச் செய்தவற்றை அயல்நாட்டார்க்கு விற்று வருகிறார். மரம் கடையும் பொறி போதவில்லை, உலோகம் கடையும் இயந்திரம் வேண்டும் என்கிறார். பணமோ, அவர் தந்தையார் ஓய்வுபெற்றபோது பெற்ற வைப்புநிதி. ஒரு வாழ்நாள் உழைப்பின் திரட்சி அது. அதில் கை வைப்பதா, வேண்டாவா என்பதே கேள்வி.

முதலில் தொழிலை அறிவோம். பிரான்சு நாட்டில், ஜூரா மலைப்பகுதியில் சேன்-க்ளோது என்னும் சிற்றூர் இருக்கிறது. மரம் கடைவதே அவ்வூராரின் குலத்தொழில் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரையர் என்னும் வேர்க்கட்டை அவர்கள் கைக்கு எட்டியது. மத்தியதரைக் கடலோரத்துப் புதர்ச்செடி ஒன்றின் அடிவேரில் திரளும் முண்டு அது, எளிதில் தீப்பற்றாதது. அதனை அறுத்து, நெடுநேரம் நீரில் வேகவைத்து, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தியே கடைசலுக்குக் கொள்வர். அதனைக் கொண்டே சேன்-க்ளோது சுங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது.

இனி, உலோகம் கடையும் இயந்திரம் எதற்கு? மரக்கடைசலில் உளியைக் கையால் பற்றுகிறோம். கண்ணும் கையுமே அளவுகோல். சுங்கானின் புறவடிவுக்கு அது போதும். உட்பகுதிக்குப் போதாது. புகையிலை நிறைக்கும் கிண்ணக்குழி ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலம்; புகை வரும் துளை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். இத்துளை குழியின் அடியில், நேர் நடுவில் வந்து திறத்தல் வேண்டும். சற்று மேலே திறந்தால் அடியில் ஈரம் தேங்கும். புகையிலை முழுதும் எரியாது. வாயில் வைக்கும் எபொனைட் தண்டின் முனை கட்டையின் துளையில் செருகுமிடமும் அத்தகையதே. தளர்ந்தால் கழன்று விழும். இறுகினால் கட்டை பிளக்கும்.

உலோகக் கடைசல் இயந்திரத்தில் உளியை இரும்புப் பிடி பற்றுகிறது. திருகு அதனை நகர்த்துகிறது. திருகின் வட்டிலில் அளவு தெரிகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் ஹென்றி மாட்ஸ்லி என்பார் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் தொழில் பயின்ற ஜோசப் விட்வொர்த் 1841-இல் திருகு மரைகளுக்குப் பொது அளவு வகுத்தார். கைத்திறனுக்கு அளவுத்திறன் துணையாயிற்று. ஆகவே இளைஞரின் கோரிக்கை ஆடம்பரம் அன்று, தேவையே.

நிற்க. எத்தகைய இயந்திரம் வாங்குவது? விற்பவர் சொல்லும் சுழல்விட்டம், அடிப்படுகையின் மேல் உள்ள இடைவெளியைக் குறிப்பது. சுங்கான் கட்டையோ கோணலானது. கிண்ணத்தைக் கடையும்போது அதன் காம்பு விசிறிபோல் சுற்றும். நடுவிலிருந்து காம்பின் நுனி 80 மில்லிமீட்டர் என்றால், சுற்றும் வட்டம் 160 மில்லிமீட்டர் ஆகும். அவ்வட்டம் உளி நகரும் குறுக்குச் சறுக்கின் மேலும் தடையின்றிச் சுழல வேண்டும். அவ்விடத்து இடைவெளி படுகையின் மேலுள்ளதைவிடக் குறைவு. எனவே விலை பேசுமுன் அங்கு அளந்து பார்த்தல் வேண்டும்.

புதிதா, பழையதா என்பது அடுத்த வினா. 1941-இல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர் ஆலையும், 1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனமும் நம் நாட்டுப் பட்டறைகளுக்கு இலேத்துகளை ஈந்தன. அத்தகைய பழைய இயந்திரம் நல்ல நிலையில் கிடைப்பின், மெலிந்த புதியதைவிட அது மேலானது. நல்ல நிலை என்பதை வண்ணப்பூச்சைக் கண்டு முடிவு செய்தல் ஆகாது. உளிவண்டி பெரிதும் தலைப்பகுதியின் அருகே உழைப்பதால், படுகை அங்கேதான் தேயும். அவ்விடத்தில் வண்டியைச் சற்றே இறுக்கி, மறுகோடிக்குத் தள்ளிப் பாருங்கள். அங்கே போய் இறுகி நின்றால் தேய்வு உண்டென அறிக. அடுத்து, சுழல்தண்டின் மூக்கிலேயே டயல் கேஜை வைத்துப் பாருங்கள். சக்கின் மேல் வைத்தால் சக்கின் குற்றமும் சேர்ந்து தெரியும். மூன்றாவது, டெயில்ஸ்டாக்கின் முனை சுழல்தண்டின் நடுவுக்கு நேராக நிற்கிறதா என்று காணுங்கள். துளையிடுவதே முதன்மையான இத்தொழிலில், அந்நேர்மை தவறினால் மற்றவை அனைத்தும் வீண்.

விலையோடு செலவு முடிவதில்லை. ஆலைகளில் இருந்து வரும் இயந்திரங்கள் பல மும்முனை மின்சாரத்தில் ஓடுவன. நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் ஒருமுனை. மோட்டாரை மாற்ற வேண்டும், அல்லது புது இணைப்புப் பெற வேண்டும். வண்டிச் சத்தம், கட்டையைப் பிடிக்கும் நான்கு தாடைச் சக், துளையிடும் அலகுகள், தளமட்டம் ஆகியவற்றையும் கணக்கில் எழுதுக.

தாய்மார்களுக்கு ஒரு சொல். சுழலும் இயந்திரத்தின் அருகே தோளில் தொங்கும் துண்டும் தளர்ந்த கைச்சட்டையும் எமனுக்கு விடும் அழைப்பு. சக்கின் சாவியைச் சக்கிலேயே விட்டு விசையைப் போடுதல் அதனினும் கொடிது. மரத்தூளும் எபொனைட் தூளும் நெஞ்சுக்குப் பகை. முகக்கவசம் இன்றி மகனைப் பட்டறைக்குள் விடாதீர்கள்.

இறுதியாக, வைப்புநிதியைப் பற்றி. புகையிலை உடலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் அதன் விளம்பரத்தைத் தடுக்கிறது. 2008 அக்டோபர் முதல் பொது இடங்களில் புகைத்தலுக்கான தடை விதிகள் கடுமையாயின. புகைப்போர் குறைவதை நாம் வரவேற்கவே வேண்டும். அவ்வாறாயின், சுங்கானை மட்டும் நம்பி ஒரு தந்தையின் முதுமையைப் பணயம் வைத்தல் தகுமோ? தகாது என்பதே என் கருத்து. ஆயினும் இலேத்துக்குச் சுங்கான் என்றும் புஷ் என்றும் வேற்றுமை தெரியாது. அதே இயந்திரம் பம்பு செட்டுக்குத் தண்டு கடையும், தையற்பொறிக்கு ஊசித்தண்டு செய்யும், பேனாவும் கடையும். ஆகவே சுங்கானுக்கு மட்டும் பொருந்தும் இயந்திரத்தை வாங்காமல், சுங்கான் போனாலும் சோறு போடும் இயந்திரத்தை வாங்குக. தந்தையார் நிதியில் பாதிக்குமேல் தொடாதிருக்க; தருவதையும் கொடையாகத் தராமல், நோட்டில் எழுதிய கடனாகத் தருக. திங்கள்தோறும் சிறிதளவேனும் திரும்பி வரட்டும். மகனுக்கு அது பொறுப்பு. தந்தைக்கு அது மதிப்பு.

இன்னொன்றும் சொல்வேன். இச்சங்கத்தில் ஓய்வுபெற்ற டர்னர்கள், ஃபிட்டர்கள் பலர் இருக்கிறீர்கள். பணம் கொடுக்குமுன் உங்களில் இருவர் டயல் கேஜோடு அவ்விளைஞருடன் சென்று வந்தால், அக்குடும்பத்தின் பணம் காக்கப்படும். ஊர்விட்டு வந்த நமக்கு அண்ணனும் மாமனும் இங்கே நாமே அன்றோ? வரும் ஞாயிற்றுக்கிழமை செல்ல நான் ஆயத்தமாக உள்ளேன். உடன் வருவோர் விழா முடிந்ததும் பெயர் தருக.

வாழ்க தமிழ்! வளர்க தொழில்!