கேள்வியைச் சுற்றிக் கூடுவோம்



எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. உலகக் கணக்கில் இளைய பீடம். போரையும் இடப்பெயர்வையும் பொருளாதாரத் தடையையும் தாண்டி அது வைத்தியர்களைத் தந்துகொண்டே இருந்தது. அதற்கு நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள். இனி அடுத்த படி ஏற வேண்டும். எங்கள் நோய்களை நாங்களே ஆராயும் குழுக்கள் அங்கே வேரூன்ற வேண்டும்.

கட்டடமும் கருவியும் வந்துவிட்டால் ஆராய்ச்சியும் பின்னால் வந்துவிடுமா? வராது. வல்வெட்டித்துறைக்கு இதை விளக்கவே தேவையில்லை. இங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மரத்தின் உறுதி மட்டுமா அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது? காற்றறிந்த தண்டையலும் அவரோடு நின்ற மாலுமிகளும் அல்லவா! ஆய்வுக்குழுவும் அப்படித்தான். ஒரு தலைவர், நாலைந்து மாணவர், கருவியின் குணமறிந்த தொழினுட்ப உத்தியோகத்தர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வி.

அந்தக் கேள்வி எங்கே பிறக்க வேண்டும்? சென்னையைப் பாருங்கள். 1956இல் அங்கே காசநோய் ஆய்வு நிலையம் தொடங்கியபோது, நோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைத்து மருந்தோடு ஓய்வும் சத்துணவும் கொடுப்பதே சரியான வைத்தியம் என்று உலகம் நம்பியிருந்தது. அத்தனை ஏழைகளுக்குக் கட்டிலுக்கு எங்கே போவது? வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகாதா என்று வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு கேட்டது. ஒரு பகுதி நோயாளர் சானடோரியத்துக்குப் போனார்கள். மறுபகுதியினர் நெருக்கமான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இருசாராருக்கும் ஓராண்டுச் சிகிச்சை. குழுவினர் வீடு தேடிப் போய், மிஞ்சிய மருந்தை எண்ணிப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது; வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை என்பது பிறகு தெரியவந்தது. உலகம் தன் வைத்திய முறையையே மாற்றிக்கொண்டது. ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய அந்த நிலையம் இன்று இந்தியாவின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

எங்கள் நாட்டிலும் உதாரணம் உண்டு. டெங்கு நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்று படித்தோம். ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நோபிள் சுரேந்திரன் ஆகியோரின் குழு, உவர்நீரில் பெருகாதா என்று கேட்டு, கரையோரங்களில் இறங்கித் தேடியது. கைவிட்ட வள்ளத்தில் தேங்கிய நீர், பாவிக்காத கிணறு என்று ஒன்றையும் விடவில்லை. நீரை மொண்டு உப்பின் அளவு பார்த்தார்கள், குடம்பிகளை இனங்கண்டார்கள். உவர்நீரிலும் அவை வளர்கின்றன என்று 2011இல் உலகுக்குச் சொன்னார்கள். அந்த வள்ளம் எங்கள் கரையிலும் கிடக்கிறது. அந்தக் கேள்வி எங்களுடையது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். கலாநிதிப் பட்டத்தோடு ஊர் திரும்பும் இளையவரின் தலையில் விரிவுரைகளையும் கூட்டங்களையும் மட்டும் ஏற்றாதீர்கள். தன் கேள்வியைத் தொடர ஐந்தாண்டு கொடுங்கள். ஆய்வுகூட உத்தியோகத்தருக்கு நிரந்தரப் பதவியும் மதிப்பும் கொடுங்கள். அவர் போனால் குழுவின் கைப்பழக்கமும் அவரோடு போய்விடும். கடல் கடந்து வாழும் எங்கள் உறவுகளே, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுத்தீர்கள். இனி ஓர் ஆய்வு மாணவரின் மூன்றாண்டுப் படியையும், மின்சாரம் நின்றாலும் இரத்த மாதிரிகளைக் காக்கும் ஒரு மின்பிறப்பாக்கியையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்.

ஊரவர்களுக்கும் ஒரு சொல். மந்திகை ஆதார வைத்தியசாலையில் ஆய்வுக்கென்று இரத்தம் கேட்டால், எதற்கென்று கேளுங்கள். விளங்கினால் மனமுவந்து கொடுங்கள். முடிவு வந்ததும் எங்களுக்கும் வந்து சொல்லுங்கள் என்று உரிமையோடு கேளுங்கள். அப்படிக் கேட்கிற ஊரும் அந்த ஆய்வுக்குழுவில் ஓர் அங்கம்தான்.