மலிவு வவுச்சரும் எங்கட பயணக் காசும்

(சங்கத்தின் மாசி மாத ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணை என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது முதலில் மறுத்தேன். நான் ஒரு உணவுத் தொழிற்சாலையில் இரவுச் சிப்டில் சான்ட்விச் பெட்டி அடுக்குகிறவன். ஊரில் ஏ.எல். வரைக்கும் வர்த்தகப் பிரிவில் படித்தேன், அதோடு சரி. ஆனால் போன மாதம் எங்கட சங்கத்து ஆட்கள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "தம்பி, 500 பவுண் பெறுமதியான பிளேன் வவுச்சர் 400 பவுணுக்குத் தருகினமாம். அடுத்த வருசம் ஊருக்குப் போக இப்பவே எடுத்து வைக்கலாமோ?" இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலைப் படிக்க நான் 1,600 பவுண் கட்டியிருக்கிறேன்.

முதலில் ஒரு விசயம். வவுச்சர் என்பது ரிக்கற் இல்லை. ரிக்கற்றில் திகதி, பெயர், விமான இலக்கம் எல்லாம் இருக்கும். வவுச்சரில் இருப்பது ஒரு வாக்கு மட்டும்தான். விமானக் கம்பனிகள் பெரும்பாலும் ஏறக்குறைய 11 மாதத்துக்கு முன்னர்தான் இருக்கைகளை விற்பனைக்கு விடுகின்றன. அதற்கும் அப்பால் உள்ள ஓகஸ்ட்டுக்கு வவுச்சர் வாங்குகிறோம் என்றால், இன்னும் விற்பனைக்கே வராத இருக்கைக்கு நாங்கள் காசு கொடுக்கிறோம். இருக்கை வரும்போது என்ன விலை வரும் என்பதை வவுச்சர் சொல்லாது.

ஏ.எல். கணக்கீட்டுப் பாடத்தில் "முற்கூட்டிப் பெற்ற வருமானம்" என்று ஒன்று வரும். எங்கட வாத்தியார் அதை ஐந்தொகையில் பொறுப்புப் பக்கத்தில் போடச் சொல்லுவார். காசு வந்திருக்கிறது, ஆனால் அது இன்னும் உன்னுடையது இல்லை, கடன் என்பார். வவுச்சர் விற்கிறவருக்கு எங்கட காசு அதுதான். அதாவது நாங்கள் கடன் கொடுக்கிறோம். கழிவு என்று சொல்கிற 100 பவுண்தான் அந்தக் கடனுக்கு வட்டி. இவ்வளவு வட்டி தந்து ஒருவர் கடன் எடுக்கிறார் என்றால் அவருக்குக் காசு எவ்வளவு அவசரம் என்று யோசிக்க வேண்டாமா? எங்கட சனத்துக்குச் சீட்டு விசயத்தில் இது நல்லாய் விளங்கும். கூடக் கழிவு கூறி முதல் மாதமே சீட்டை எடுக்கிறவரைப் பார்த்து "என்ன நெருக்கடியோ" என்றுதானே கதைப்போம். சீட்டிலாவது தாச்சியின் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இனி என் கதை. நான் 2010 இல் வந்தவன். 2019 இல்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. அம்மாவை ஒன்பது வருசம் காணவில்லை. 2020 தை மாதம், ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பமாய்ப் போவதென்று நாலு வவுச்சர் வாங்கினேன், 400 படி 1,600 பவுண். பல மாத ஓவர்டைம் காசு அது. ஒரு ரிக்கற் கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். "காசாய்த் தந்தால் இன்னும் இருபது பவுண் குறைக்கலாம்" என்றார்கள். அந்த இருபது பவுணுக்காக நோட்டாய் எண்ணிக் கொடுத்து, கையால் எழுதின துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மார்ச்சில் கொரோனா. கட்டுநாயக்கா திரும்ப வழமையான பயணிகளுக்குத் திறந்தது 2021 ஜனவரி 21 இல். கடைக்காரர் வவுச்சரை 2021 டிசம்பர் 31 வரை நீட்டித் தந்தார், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அந்தக் கோடைக்குப் போவோம் என்று இருக்க, யூன் 8 இல் பிரித்தானிய அரசாங்கம் இலங்கையைச் சிவப்புப் பட்டியலில் போட்டது. திரும்பி வந்தால் ஹோட்டலில் பத்து நாள் தனிமை, தனியாக வரும் ஒருவருக்கு 1,750 பவுண். குடும்பமாய் நினைத்தும் பார்க்க முடியாது. செப்டம்பர் 22 இல்தான் பட்டியலில் இருந்து எடுத்தார்கள்.

டிசம்பர் நடுப்பகுதியில் தங்கச்சி போன் எடுத்தாள். அம்மாவை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் விட்டிருக்கு, அண்ணா உடனே வா என்று. நான் வவுச்சரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அங்கேதான் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக் காட்டினார்கள். டிசம்பர் 10 முதல் ஜனவரி 10 வரை தடைநாட்கள், வவுச்சர் செல்லாது. வவுச்சர் முடிகிற திகதி டிசம்பர் 31. ஆக, கையில் 2,000 பவுண் பெறுமதி, பறக்க ஒரு நாளும் இல்லை. நான் கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், மனேச்சர் நாளைக்கு வருவார் என்றார்கள், நாளைக்குப் போனேன். இப்படி மூன்று நாள். 1,600 பவுணை விட்டுப்போட்டு வேறு ரிக்கற் எடுக்க மனம் வரவில்லை. நாலாம் நாள் கூடவேலை செய்கிற ஒரு போலந்துக்காரன் கடன் தந்து, தனி ஆளாய் ரிக்கற் எடுத்துப் போனேன். நான் வீட்டு வாசலில் இறங்கினபோது அம்மாவை எடுத்து இரண்டு நாள். எட்டுச் செலவுக்குத்தான் நின்றேன்.

அந்த மூன்று நாளுக்கு நான் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். வவுச்சர் இல்லாதிருந்தால் முதல் நாளே கடன் வாங்கிப் பறந்திருப்பேன். கட்டின காசு காலைக் கட்டிப் போட்டுவிட்டது. கடை 2022 இல் பூட்டியாச்சு. இப்ப அங்கே நகத்துக்குப் பூச்சுப் பூசுகிற கடை.

இதைச் சொன்னால் "அது கொரோனா, திரும்ப வராது" என்கிறார்கள். கொரோனா வராவிட்டால் கம்பனி விழும். 1993 இல் பறக்கத் தொடங்கின ஜெட் எயார்வேஸ், லண்டனுக்கும் மும்பாய்க்கும் எவ்வளவு பெயராய் ஓடினது. 2019 இல் எங்கட சித்திரைப் புத்தாண்டு கழிந்து மூன்றாம் நாள், ஏப்ரல் 17 இரவோடு நின்றது. 2024 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பனியைக் கலைக்கச் சொல்லிவிட்டது. அதே 2019 செப்டம்பரில் 178 வருசப் பழைய தோமஸ் குக் விழுந்தது. பிளைபி என்ற கம்பனி 2020 மார்ச்சில் ஒரு தரம், திரும்ப எழும்பி 2023 ஜனவரியில் இன்னொரு தரம் என்று இரண்டு தரம் விழுந்தது. விழுந்த கம்பனியில் கடன்காரர் வரிசை ஒன்று இருக்கும். அடைமானம் பிடித்த பாங், வேலையாட்களின் சம்பளம், வரி எல்லாம் முன்னுக்கு. வவுச்சர் வைத்திருக்கிறவர் வரிசையின் கடைசிப் பக்கம்.

சரி, கணக்காய்ப் பார்ப்போம். 500 ஐ 400 க்கு வாங்கினால் 20 வீதம் கழிவு. ஐந்து வவுச்சர் 2,000 பவுணுக்கு வாங்கி அதில் ஒன்று வீணாய்ப் போனாலே மிச்சம் நாலும் 2,000 பவுண்தான் பெறும். இலாபம் பூச்சியம். ஐந்தில் ஒன்று வீணாய்ப் போகாது என்று யாரால் சொல்ல முடியும்? வருத்தம், வேலையில் லீவு மறுப்பு, பிள்ளையின் சோதனை, எத்தனை இருக்கு. இன்னொன்று, வவுச்சரைக் கம்பனியின் முழு விலைக்குத்தான் கழிப்பார்கள். உதாரணத்துக்கு முழு விலை 720 என்று வையுங்கள். முழுவதையும் வவுச்சராலேயே கட்டினால் அது 576 ஆகிறது. அதே இருக்கையை வேறொரு கடையில் 610 க்குத் தந்தால் உண்மையான மிச்சம் 34 பவுண். அந்த 34 பவுணுக்கா ஒன்றரை வருசம் காசை முடக்குவது? வரியும் எரிபொருள் மேலதிகக் கட்டணமும் வவுச்சரில் அடங்குமா என்பதையும் கேட்க வேண்டும். மடிக்குழந்தை இரண்டு வயது தாண்டினால் தனி இருக்கை, பிள்ளை 12 வயதானால் பெரியாள் விலை. பார்ப்பது பறக்கிற நாளின் வயதை, வாங்குகிற நாளின் வயதை இல்லை.

அகதிப் பயணப் பத்திரத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் ஊருக்குப் போக ஏலாது. தாய் தகப்பனைத் தமிழ்நாட்டுக்கு வரச் சொல்லித்தான் சந்திக்கிறார்கள். இந்திய விசா எப்ப கையில் வரும் என்று தெரியாமல், முடிவு திகதி போட்ட வவுச்சரை வாங்கக் கூடாது. பெயர் மாற்ற விடாத வவுச்சர் என்றால் இன்னொருவருக்கு விற்கவும் ஏலாது.

யாராவது கட்டாயம் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், காசாய்க் கொடாதையுங்கோ. பிரித்தானியாவில் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு பொருளின் விலை 100 பவுணுக்கு மேல், 30,000 க்குள் இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கிரடிற் காட்டில் கட்டினால், விற்றவர் கவிழ்ந்தாலும் காட் கம்பனியிடம் கேட்கலாம். ஆனால் 75 பவுண் வவுச்சர் எட்டு வாங்கினால் மொத்தம் 600 என்றாலும் ஒவ்வொன்றும் 100 க்குக் கீழே என்று கை விரிப்பார்கள். இடையில் மூன்றாம் ஆள் நின்று விற்றாலும் சிக்கல் வரும். டெபிற் காட்டுக்கு அந்தச் சட்டம் இல்லை. பாங்கிடம் சொல்லிக் காசைத் திருப்பி எடுக்க முயலலாம், அதற்கு நாள் எல்லை உண்டு. பாங் மூலம் நேரே அனுப்பின காசுக்கு 2024 ஒக்டோபர் 7 முதல் மோசடிப் பாதுகாப்பு வந்திருக்கிறது, ஆனால் அது ஏமாற்றுக்குத்தான், கடை நொடிந்து போனதற்கு இல்லை. அட்டோல் என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். காசு கட்டின உடனே உங்கள் பயணத்துக்கு அட்டோல் சான்றிதழ் கையில் தந்தால்தான் அது பாதுகாப்பு.

ஒரு நல்ல செய்தியும் இருக்கு. இங்கேயிருந்து புறப்படுகிற விமானத்தைக் கம்பனியே ரத்துச் செய்தால் ஏழு நாளுக்குள் காசைத் திருப்பிக் கேட்க உரிமை இருக்கிறது. நீங்கள் கையெழுத்து வைத்துச் சம்மதித்தால்தான் வவுச்சராய்த் தரலாம். 2020 இல் எங்கட ஆட்கள் எத்தனை பேர் இது தெரியாமல் வவுச்சருக்குத் தலையாட்டினார்கள்!

இப்ப முன்வரிசையில் இருக்கிற அக்கா கேட்கிறா, "அப்ப தம்பி என்ன செய்கிறாய்?" என்று. மாதம் 60 பவுண் வேறு கணக்கில் போடுகிறேன், அக்கா. அதற்கு மனிசிதான் காவல். இருக்கை விற்பனைக்கு வந்த பிறகு, திகதி போட்ட ரிக்கற் எடுக்கிறோம். அவசரம் வந்தால் அந்தக் காசு எந்தக் கம்பனிக்கும் எந்த நாளிலும் செல்லும்.

எனக்கு இன்றைக்கு இரவு பத்து மணிக்குச் சிப்ட். தேத்தண்ணி நேரம் முடியும் வரைக்கும் நிற்பேன். யாராவது வவுச்சர் வைத்திருந்தால் கொண்டு வாருங்கோ, தடைநாள் எங்கே எழுதியிருக்கு என்று சேர்ந்து தேடுவோம்.