கண்ணாடி டைல்ஸில் காய்ந்த கிரவுட்: ஆசிட்டும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், புது வீடுகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் தொழில் செய்யும் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடையில் பேசிப் பழகினவள் இல்லை. என் தொழிலைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் செய்த தப்பையும் சேர்த்தே சொல்கிறேன். அதுதான் உங்களுக்குப் பிரயோஜனப்படும்.

கல்யாணமான நாளிலிருந்து நான் பட்டாசு ஆபீஸ் வேலைக்குத்தான் போனேன். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபிறகு, சிவகாசிப் பக்கம் ஆபீஸ்களை எல்லாம் சில மாதம் மூடிவிட்டார்கள். அது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வீட்டில் அடுப்பு எரியணுமே? எங்கள் குழுவில் அஞ்சு பேர் சேர்ந்து, கட்டி முடித்த வீடுகளைக் கழுவிச் சுத்தம் பண்ணும் வேலைக்குப் போனோம்.

ஒரு வீட்டில் அடுப்பு மேடைக்கு மேலே சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடி டைல்ஸ் பதித்திருந்தார்கள். இடுக்கில் பூசுகிற கிரவுட்டைக் கொத்தனார் அன்றைக்கே துடைக்கவில்லை. அது மேலெல்லாம் படிந்து, மாசக்கணக்கில் காய்ந்து கிடந்தது. நான் கம்பி நாரை எடுத்து பலங்கொண்ட மட்டும் தேய்த்தேன். சாயங்காலம் பார்க்கையில் பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலை ஜன்னல் வழியே வெயில் அடித்தபோது பார்த்தால் சுவர் முழுக்கக் கீறல். வீட்டுக்காரர் பேசின கூலி ஏழாயிரத்தில் நாலாயிரத்து ஐநூறைப் பிடித்துக்கொண்டார். அஞ்சு பேர் மூணு நாள் பாடுபட்டதற்கு மிஞ்சியது தலைக்கு ஐநூறு ரூபாய். அந்த மாசம் உள்கடன் தவணை கட்ட முடியாமல் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஏன் கீறியது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கிரவுட் என்பது சிமெண்டோடு பொடி மணலோ கல்பொடியோ சாயமோ கலந்தது. துலுக்கப்பட்டியிலும் ஆலங்குளத்திலும் சிமெண்ட் ஆலை வந்த மாவட்டம் நம்முடையது. சிமெண்ட் தண்ணீர் பட்டால் கல்லாகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. கடினத்தை அளக்க மோஸ் என்ற ஜெர்மன்காரர் 1812-இல் ஒன்று முதல் பத்து வரை ஓர் அளவு வகுத்தார். அதில் கண்ணாடிக்கு ஏறக்குறைய ஐந்தரை, மணலுக்கு ஏழு. காய்ந்ததை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தால் அந்த மணலே கண்ணாடியைக் கீறும். கம்பி நாரும் பச்சை ஸ்கிரப்பரும் கூட கீறும்.

பட்டாசு ஆபீஸில் நமக்கு முதல் பாடம் என்ன? உராய்வு கூடாது. பெட்டியைத் தரையில் இழுக்காதே, தூக்கி வை. இரும்புச் சாமான் ஆகாது. அங்கே உயிருக்காக அத்தனை கவனமாக இருந்த நான், இங்கே அதை மறந்துவிட்டேன்.

இப்போது நாங்கள் செய்கிற முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் விசாரியுங்கள். பூசியது சிமெண்ட் கிரவுட்டா, எபாக்சியா? எபாக்சி என்றால் வினிகருக்குக் கரையாது. எந்தக் கம்பெனி கிரவுட்டோ அந்தக் கம்பெனி திரவத்தைக் கடையில் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

2. கண்ணில் படாத மூலையில் ஒரே ஒரு டைலில் செய்து பார்த்து, காய்ந்தபிறகு வெளிச்சத்தில் பாருங்கள்.

3. உதிரித் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஈரத்துணியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் டைல்ஸ் மேல் ஒட்டிவையுங்கள். ஊறட்டும்.

4. கட்டியாக இருப்பதை மூங்கில் சிம்பு, பிளாஸ்டிக் கரண்டி, பழைய ஏடிஎம் கார்டு இவற்றால் சாய்வாகத் தள்ளுங்கள். இரும்புக் கரண்டி வேண்டாம்.

5. வெள்ளைப் படலத்துக்கு ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணீர். முதலில் இடுக்குகளைத் தண்ணீரால் நனைத்துவிடுங்கள், அப்போதுதான் அவை வினிகரைக் குடிக்காது. ஐந்து நிமிஷம் கழித்துத் துடைத்து, இரண்டு தடவை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பூசிப் பத்து நாள் ஆகாத கிரவுட்டில் வினிகர் படக்கூடாது. கடப்பாக்கல், மார்பிள் பக்கத்தில் இருந்தால் மூடிவையுங்கள். வினிகர் அதை அரித்துவிடும்.

6. வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். வாளியில் தங்கும் மணல் துணியில் ஏறித் திரும்பக் கீறும்.

ஒரு தடவையில் போகாவிட்டால் மூணு தடவை செய்யுங்கள். பொறுமைதான் இதற்கு மருந்து.

அடுத்தது ஆசிட். "கண்ணாடியை ஆசிட் ஒன்றும் செய்யாது, ஊத்தும்மா" என்று மேஸ்திரி சொல்வார். பாத்ரூம் ஆசிட் கண்ணாடியை அரிக்காது என்பது வாஸ்தவம். ஆனால் இடுக்கில் இருக்கும் கிரவுட்டை அரிக்கும், குழாயின் பளபளப்பைக் கெடுக்கும், டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் சாயத்தைக் கெடுக்கும். துரு எடுக்கும் சில திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் ஆசிட் இருக்கும். அது கண்ணாடியையே தின்னும். தோலுக்குள் இறங்கி எலும்புவரை போகும். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

டைல்ஸ் போனால் பணத்தோடு போயிற்று. நுரையீரல் போனால் யார் தருவார்கள்? எங்களோடு வந்த ஒரு தங்கச்சி, கதவைச் சாத்தின பாத்ரூமில் ஆசிட் ஊற்றி, கறை போகவில்லை என்று அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரையும் போட்டுவிட்டாள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915-இல் பெல்ஜியம் நாட்டில் யீப்ர என்ற ஊரில் ராணுவம் எதிரிகள்மேல் ஏவிய விஷவாயு அதுதான். அவளை வெளியே இழுத்துப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் பனிக்காலம் வந்தால் இன்றைக்கும் இருமுகிறாள். அப்படி யாருக்காவது ஆனால் உடனே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள், கண் எரிந்தால் கால்மணி நேரம் தண்ணீர்விட்டுக் கழுவுங்கள், தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

நாம் ஏன் ஆசிட்டைத் தேடுகிறோம்? மொத்தமாக ஒரு கூலி பேசி, "ரெண்டு நாளில் முடி" என்று விரட்டுகிறார்கள். அதனால்தான். ஆகவே கூலி பேசும்போதே இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். காய்ந்த கிரவுட் இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு, சதுர அடிக்கு இவ்வளவு, இத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே கீறல் இருந்தால் செல்போனில் போட்டோ எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டிவிடுங்கள். தீர்மான நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமா?

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கிரவுட் பூசுகிற அன்றைக்கே எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவைக்கிறோம். பூசி இருபது நிமிஷம் போல ஆனதும், நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைத்து, சில மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. மாசக்கணக்கில் காய்ந்ததோடு மல்லுக்கட்டுவதைக் காயுமுன் துடைத்துவிடலாம். கையுறை மட்டும் மறக்காதீர்கள், ஈர சிமெண்ட் கையைப் புண்ணாக்கும்.

கடைசியாக ஒன்று. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-லிருந்து இருக்கிறது. சித்தாள் வேலைக்கும் டைல்ஸ் வேலைக்கும் போகிறவர்கள் பதிவு செய்யுங்கள், புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

அந்தக் கீறல் விழுந்த சுவரை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்தும். ஆனால் அதற்குப் பிறகு இதுவரை ஒரு வீட்டிலும் எங்கள் கூலியில் பிடித்தம் இல்லை. உங்கள் குழுவில் யாராவது இந்த வேலைக்கு வர விரும்பினால், இரண்டு நாள் எங்களோடு வரட்டும். கூடவே வைத்துக் கற்றுக்கொடுக்கிறோம்.