மைதானத்தைப் பூட்டும் அதிகாரம்

(முள்ளிவாய்க்காலில் நடைபெற்ற விளையாட்டுக் கழகங்களின் கூட்டத்திற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கொள்ளைநோய்க் காலத்தில் விளையாட்டு வீரனுடைய சுதந்திரத்தையும் பொதுமக்களுடைய பாதுகாப்பையும் எவ்வாறு இணைப்பது என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கொழும்பில், குளிரூட்டிய மண்டபத்தில், இப்பொருளைப் பற்றிப் பேசுவது மிக எளிது. முள்ளிவாய்க்காலிற் பேசுவது எளிதன்று. "பாதுகாப்பு" என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. 2009ஆம் ஆண்டில் இந்தக் கரையோரத் துண்டுக்கு அரசாங்கம் சூட்டிய பெயரே "பாதுகாப்பு வலயம்" என்பது. அவ்வலயத்துக்குள் நிகழ்ந்தது யாது என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உயிர் தப்பி வெளியே வந்தவர்களில் ஏறத்தாழ 280,000 பேர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். அதற்கும் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று பாதுகாப்பே! அவர்களுள் ஒருவரையேனும் விசாரித்து எந்த நீதவானும் மறியலுக்கு அனுப்பவில்லை. அந்த முகாமின் கடைசிப் பகுதி மூடப்பட்டது 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில்.

ஆகவே 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், "உங்கள் பாதுகாப்புக்காக வீட்டினுள் இருங்கள்" என்று ஒலிபெருக்கி முழங்கியபோது, இங்குள்ள தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்றால் அதில் வியப்பில்லை. எனினும் அன்பர்களே, ஐயம் ஒன்று, நோய் வேறொன்று. கொரோனா என்னும் அந்நோய் பொய்யன்று. இச்சிறிய தீவில் மட்டும் 16,000க்கு மேற்பட்டோர் அதற்குப் பலியானார்கள். அரசாங்கத்தை நம்பவில்லை என்பதற்காக நோயையும் நம்பமாட்டோம் என்று சொல்வோமாயின், நட்டம் அரசாங்கத்துக்கன்று.

சட்டம் சொல்வது

இலங்கையில் தொற்றுநோய்க்குரிய தாய்ச் சட்டம், தொற்றுத்தடுப்பு மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். அது 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். பம்பாயிற் பிளேக் நோய் பரவிய அடுத்த ஆண்டில், வெள்ளைக்காரனின் கப்பல்களையும் துறைமுகங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மீறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபா வரை தண்டம். 2020 ஒக்டோபரில் இதன்கீழ்ப் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. முகக்கவசமும் ஒரு மீட்டர் இடைவெளியும் அவற்றாற் கட்டாயமாயின.

இதற்கு மேலே நிற்பது அரசியலமைப்பு. அமைதியாகக் கூடும் உரிமையையும் நடமாடும் உரிமையையும் அதன் 14ஆம் உறுப்புரை தருகிறது. பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு அவ்வுரிமைகளைக் கட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் அது எவ்வாறு கட்டுப்படுத்தச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். சட்டத்தினால் விதிக்கப்பட்ட கட்டுப்பாடாக அது இருத்தல் வேண்டும். தொலைபேசியில் வந்த சொல், வீதியில் நின்ற சிப்பாயின் கைச்சாடை, இவை சட்டமாகா. 12ஆம் உறுப்புரையோ சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. நான் இன்று பேச விழைவது பெரும்பாலும் இந்த 12ஆம் உறுப்புரையைப் பற்றியே.

இரு கேள்விகள்

உலக சுகாதார நிறுவனம் இந்நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது 2020 மார்ச் 11ஆம் திகதி. மறுநாள் கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் சென். தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான பெருங் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கியது. ஒத்திவைக்குமாறு அரசாங்கத் தரப்பிலிருந்து கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டார்கள் என்ற சொல்லைக் கவனித்தீர்களா? மூன்று நாளும் ஆட்டம் நடந்தது. பார்க்க வந்தவர்களுள் ஒருவருக்குத் தொற்று இருந்தமை பின்னர் தெரிந்தது. விளையாட்டுத் திடலிற் கூடும் கூட்டத்தால் என்ன விளையும் என்பதற்கு அதற்கு முன்னரே சான்று கிடைத்திருந்தது. இத்தாலியில், 2020 பெப்ரவரி 19இல், பேர்காமோ நகரத்து உதைபந்தாட்டக் கழகம் மிலான் நகரிற் கலந்துகொண்ட போட்டியைக் காண அந்நகரத்தார் பல்லாயிரவர் சென்றார்கள். சில கிழமைகளுக்குள் பேர்காமோவிற் பிணப்பெட்டிகளை இராணுவ லொறிகள் ஏற்றிச் சென்றன. அந்த ஆட்டமும் நோயைப் பரப்பியது என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, அம்பாந்தோட்டையில் லங்கா பிரிமியர் லீக் தொடங்கியது. வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள். தனிமைப்படுத்தப்பட்டார்கள். பரிசோதிக்கப்பட்டார்கள். விடுதியும் மைதானமும் ஒரு குமிழிக்குள் வைக்கப்பட்டன. பார்வையாளர் இல்லை. நமது யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி தன் முதலாவது ஆட்டத்தை ஆடியது எந்த நாள் தெரியுமா? நவம்பர் 27! அன்று வடக்கிலே, இறந்த பிள்ளைகளுக்கு விளக்கேற்றக் கூடாது என்று நீதிமன்றத் தடையுத்தரவுகள் வாங்கப்பட்டிருந்தன. அவற்றுக்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று கொரோனா. அந்த யாழ்ப்பாண அணியே இறுதியிற் கிண்ணத்தையும் வென்றது. யாழ். மத்திய கல்லூரியின் மாணவன் விஜயகாந்த் வியாஸ்காந்த் அத்தொடரிற் களமிறங்கினான். நாமெல்லாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்ததிற் பிழையில்லை.

மூடிய குமிழியும் திறந்த வெளியிற் கூடும் மக்கட் கூட்டமும் ஒன்றல்லவே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து சொல்வார். சொல்லட்டும். அது சரியான வாதமே. என் குறை ஆட்டம் நடந்ததைப் பற்றியதன்று. அம்பாந்தோட்டையில் அதிகாரிகள் தம்மைத் தாமே கேட்ட கேள்வி, "இதை எவ்வாறு நடத்தலாம்?" என்பது. அதற்கு விடை தேடினார்கள், கிடைத்தது. முல்லைத்தீவில் அவர்கள் கேட்ட கேள்வி, "இதை எவ்வாறு தடுக்கலாம்?" என்பது. அதற்கும் விடை தேடினார்கள், அதுவும் கிடைத்தது. சமத்துவம் என்பது எல்லாருக்கும் ஒரே தீர்ப்பை வழங்குவதன்று. எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது. நிபந்தனையைச் சொல், நிறைவேற்ற முடிந்தால் நடத்துகிறோம், முடியாவிட்டால் நிறுத்துகிறோம் என்று சொல்லும் வாய்ப்பு பணம் படைத்த லீக்குக்கு இருந்தது. கரப்பந்தாட்டக் கழகத்துக்கு இருக்கவில்லை. விளக்கேற்ற வந்த தாய்க்கும் இருக்கவில்லை.

2021 மே மாதத்தில் முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை என்னும் மூன்று பொலிஸ் பிரிவுகளும் மே 18ஐ ஒட்டித் தனிமைப்படுத்தப்பட்டன. நியாயமாகப் பேச வேண்டுமானால் இதையும் சொல்ல வேண்டும்: அந்நாட்களிற் புதுக்குடியிருப்பில் ஆடைத் தொழிற்சாலை ஊழியரிடையே தொற்றுப் பரவியிருந்தது உண்மை. ஆனால் எப்பகுதியை எப்போது மூடுவது என்பதை நாட்டுக்கு அறிவித்தது சுகாதார அமைச்சின் வைத்தியரல்லர், கொவிட் தடுப்புத் தேசிய செயற்பாட்டு மையம். அதன் அன்றைய தலைவர் அப்போதைய இராணுவத் தளபதி ஜெனரல் சவேந்திர சில்வா. 2009இல் இங்கு வந்த 58ஆம் படைப்பிரிவை நடத்தியவர் அவரே. வைத்தியர் கையொப்பமிட்டு ஊரை மூடினால் ஊர் வைத்தியரைக் கேள்வி கேட்கும், பதிலும் பெறும். இவ்வூரை மூடுவதாகத் தளபதி அறிவித்தால் இவ்வூர் எதை நினைக்கும்?

அத்துடன், எத்தனை நாளைக்கு? "மறு அறிவித்தல் வரை." தொல்லை தடுக்க நீதவான் கொடுக்கும் அவசரக் கட்டளைக்குக்கூடக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவு 14 நாள் எல்லை வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் மன்றுக்கு வந்து அதை மாற்றக் கேட்கலாம். மறு அறிவித்தலுக்கோ எல்லையும் இல்லை, எவரிடம் முறையிடுவது என்பதும் இல்லை. அதே ஆண்டு ஜூலை 27இல் கொழும்பில் இந்திய அணியின் குருணால் பாண்டியாவுக்குத் தொற்றுக் கண்டபோது, அன்றைய ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது ஒரே நாள். அவருடன் நெருங்கிப் பழகிய எண்மரை விலக்கி வைத்து, மறுநாள் ஆட்டம் நடந்தது. கணக்கு எவ்வளவு தெளிவாக இருந்தது பாருங்கள்!

வீரனின் கடமை

நிற்க. அரசாங்கத்தை மட்டும் ஏசிவிட்டு இறங்குவது மேடைப் பேச்சாளருக்கு வழக்கம். இளைஞர்களே, உங்களுக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

2021 ஜூனில், இங்கிலாந்தின் டேர்ஹம் நகரில், இலங்கை அணியின் குசல் மெண்டிஸ், நிரோஷன் டிக்வெல்ல, தனுஷ்க குணதிலக்க ஆகிய மூவரும் இரவில் விதியை மீறி விடுதியை விட்டு வெளியே சென்றார்கள். யாரோ எடுத்த படம் ஊரெங்கும் பரவியது. உடனே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஓராண்டுக்குச் சர்வதேச ஆட்டத்தடையும் தலைக்கு ஒரு கோடி ரூபா தண்டமும் விதிக்கப்பட்டன. தடை 2022 ஜனவரியில், காலம் முடியுமுன் நீக்கப்பட்டது. சிலர், இளைஞர் சற்று வெளியே உலாவியது குற்றமா என்று கேட்டார்கள். குற்றமே. ஏனெனில் அந்தக் குமிழிக்குள் அவர்கள் மட்டும் இருக்கவில்லை. தன் நுரையீரலை வைத்துச் சூதாட ஒருவனுக்கு உரிமை இருக்கலாம், பக்கத்தறைக்காரனுடைய நுரையீரலை வைத்துச் சூதாட இல்லை. ஆயினும் அவர்களும் விசாரிக்கப்பட்டார்கள். தண்டனைக்கு அளவும் காலமும் சொல்லப்பட்டன.

அவுஸ்திரேலியாவில் நடந்ததையும் சட்டம் படித்தவன் என்ற முறையிற் சொல்ல ஆசை. 2022 ஜனவரியில், தடுப்பூசி ஏற்றாத டென்னிஸ் வீரர் நொவாக் ஜோக்கோவிச் மெல்போர்ன் விமான நிலையத்தில் மறிக்கப்பட்டார். பதில் சொல்லக் காலை எட்டரை மணி வரை நேரம் தருவதாகக் கூறிய அதிகாரி, எட்டு மணி அடிப்பதற்கு முன்னரே விசாவை இரத்துச் செய்துவிட்டார். அந்த அவசரத்துக்காகவே 10ஆம் திகதி நீதிபதி கெல்லி முன்னிலையில் அரசாங்கம் தோற்றது. 14ஆம் திகதி அமைச்சர் தமது சொந்த அதிகாரத்தால் மீண்டும் இரத்துச் செய்தார். 16ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராது, மூன்று நீதிபதிகள் கூடி அமைச்சரின் கட்டளையை நிலைநிறுத்தினார்கள். தீர்ப்புக்கான காரணங்கள் எழுத்தில் வெளியாயின. அந்த முடிவை நான் முழுதும் ஏற்கிறேனா என்பது வேறு. இரண்டு கிழமைக்குள் ஒரு தனிமனிதன் ஓர் அமைச்சரை இருமுறை மன்றுக்கு இழுக்க முடிந்ததே! அதுவல்லவா சுதந்திரம்! உலகின் முதல்நிலை வீரர், பணக்காரர், அவரால் முடிந்தது என்பீர்கள். உண்மைதான். ஆகவேதான் நாம் தனித்தனியே நில்லாமற் கழகமாய் நிற்க வேண்டும் என்கிறேன்.

மைதானம் பூட்டிக் கிடந்த காலத்தில் இழக்கப்பட்டது வெறும் பொழுதுபோக்கு என்று அதிகாரிகள் எண்ணினார்கள். ஓட்டப் பந்தயத்திற் பாடசாலை மாணவியின் காலம் இரண்டு, மூன்று ஆண்டுகளே. பத்தொன்பது வயதுப் பிரிவில் ஆட வேண்டியவனுக்கு இருபதாம் வயதில் அந்த வாசல் அடைபட்டுவிடும். யாழ்ப்பாணத்தின் "வடக்கின் பெரும் போர்" 2021இல் நடக்கவேயில்லை. அவ்வாண்டு இறுதி வகுப்பில் இருந்த மாணவருக்கு அது திரும்ப வராது. தகப்பனைப் போரிற் கொடுத்து, தாயின் கூலி உழைப்பில் வளர்ந்த பிள்ளைக்கு ஊரில் இருக்கும் ஒரே பொதுச் சொத்து அந்த மைதானம். அதைப் பூட்டுபவர், தாம் ஒருவனுடைய வாழ்நாளில் ஒரு பகுதியை எடுக்கிறோம் என்று உணர்ந்து பூட்ட வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

இன்னொரு நோய் வராது என்று எவரும் உறுதி கூற இயலாது. அது வந்தபின் ஓடித் திரிவதிற் பயனில்லை. உங்கள் முன் இன்று ஒரு தீர்மானம் வைக்கப்படுகிறது. அதன் சாரம் இது: மைதானத்தை மூடும் கட்டளையைச் சுகாதார வைத்திய அதிகாரி எழுத்தில் தரவேண்டும். அதில் காரணமும் முடிவுத் திகதியும் இருக்க வேண்டும். எந்த நிபந்தனையின்கீழ்ப் பயிற்சியைத் தொடரலாம் என்பதையும் அவர் சொல்ல வேண்டும். கபடியும் கரப்பந்தும் ஒன்றல்ல. முன்னதில் மூச்சோடு மூச்சு முட்டுகிறது, பின்னதில் நடுவே வலை நிற்கிறது. தனியே ஓடுபவனுக்கும் பூட்டிய அறையிற் பளு தூக்குபவனுக்கும் ஒரே விதி போடுவது சோம்பலின் அறிகுறி.

வாய்மொழியாகப் பொலிசாரோ படையினரோ வந்து நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது? ஆட்டத்தை நிறுத்துங்கள். மரியாதையாகக் கடிதம் கேளுங்கள். வந்தவரின் பதவி, நாள், நேரம் ஆகியவற்றைக் கழகக் குறிப்பேட்டில் எழுதிவைத்து மறுநாட் காலை என்னைப் போன்ற ஒரு சட்டத்தரணியிடம் கொண்டு வாருங்கள். விளையாடிக்கொண்டே வழக்காடலாம் என்று பின்வரிசையிற் சில தம்பிமார் முணுமுணுப்பது கேட்கிறது. தம்பி, நீர் விளையாடிய மறுகிழமை இவ்வூரில் ஒரு கிழவி மூச்சுத்திணறி இறந்தால், நமது வழக்கும் அவளோடு போகும். அதன்பின் எந்த நீதவானின் முகத்தையும் என்னாற் பார்க்க இயலாது.

மற்றொன்று பணம். குமிழிக்குள் இருந்த வீரனுக்கு விடுதியும் சோறும் சம்பளமும் கிடைத்தன. கடலுக்குப் போகும் குடும்பத்தை 14 நாள் வீட்டில் அடைத்தால் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாவிட்டால் காய்ச்சலை மறைப்பார்கள். ஆதலால் ஒவ்வொரு கழகமும் தன் வருமானத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்க வேண்டும் என்பதும் தீர்மானத்திற் சேர்ந்திருக்கிறது.

துண்டுச் சீட்டில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. தடுப்பூசி வேண்டாம் என்பவனைக் கழகம் விலக்கலாமா என்று கேட்கிறார் ஒருவர். 1905இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், அம்மைப்பால் குத்த மறுத்த ஜேக்கப்சன் என்பவருடைய வழக்கைத் தீர்த்தது. அவருக்கு விதித்த ஐந்து டொலர் தண்டம் சரி என்றது. கையைப் பிடித்து ஊசி குத்தலாம் என்று சொல்லவில்லை. அந்த வழி எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நோய் நிலவும் வரை நெருங்கி ஆடும் ஆட்டங்களிலிருந்து அவனை ஒதுக்கி வைக்கலாம். கழகத்திலிருந்து நீக்குதல் கூடாது. நோய் தணிந்ததும், மன்னிப்புக் கடிதம் ஏதும் கேளாமல், அவனுடைய இடத்தை அவனுக்குக் கொடுக்க வேண்டும். இதைத் தீர்மானத்தில் நாங்கள் எழுதவில்லை. திருத்தமாகக் கொண்டுவர விரும்புவோர் இப்போதே எழுந்து பிரேரிக்கலாம். இனிச் செயலாளர் அவர்கள் தீர்மானத்தை வாசிப்பார்.