முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் எங்கள் குடும்பமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் பேச வேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, இலக்கியம் பேச வல்லவர்கள் இக்காலனியிலேயே பலர் இருக்க என்னை ஏன் அழைக்கிறீர்கள் என்றேன். "உங்கள் குடும்பத்தில் ஒரு நாவலாசிரியர் இருந்தாராமே, அவரைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். ‘இருந்தார்’ என்று அவர் சொல்லவில்லை, ‘இருந்தாராம்’ என்றார். கண்டதற்கும் கேட்டதற்கும் உள்ள வேற்றுமையை நம் மொழி ஓர் ‘ஆம்’ கொண்டு காட்டிவிடுகிறது. அந்த ‘ஆம்’ நிற்குமா, விழுமா என்று இரண்டு ஆண்டுகள் தேடிய கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக வழங்கிவந்த செய்தி இது: "நாம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை வழி." திருமணப் பேச்சு நடக்கும்போதெல்லாம் இது வெற்றிலைத் தட்டோடு சேர்ந்து வெளியே வரும். என் திருமணத்திலும் வந்தது. பெண் வீட்டார் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

நிமிர்ந்து உட்காரத்தக்க பெயர்தான் அது. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகித் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக அமர்ந்தார். உயர்நீதித் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார். நீதி கேட்டு வருபவனுக்கு அவன் மொழியிலேயே சட்டம் கிடைக்க வேண்டும் என்று அந்நாளிலேயே கருதியவர். ‘நீதி நூல்’, ‘பெண்மதி மாலை’, ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்று நூல்கள் பல. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என்பது இங்குள்ள பிள்ளைகளுக்கும் தெரியும். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மாயூரத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ ‘குளத்தூர்க் கோவை’ என்று ஒரு நூலே செய்தார். இப்படிப்பட்ட ஒருவரைப் பாட்டனாராகக் கொள்ள யாருக்குத்தான் ஆசை வராது?

என் பேரன் கேட்டான்: "அப்படியானால் விஜய் ஆண்டனி நமக்கு உறவா, தாத்தா?" அந்த இசையமைப்பாளர் வேதநாயகம் பிள்ளையின் மரபினர் என்று பத்திரிகைகள் எழுதிவருவதை அவன் படித்திருக்கிறான். எனக்கு விடை தெரியவில்லை. அன்றுதான் தேடத் தொடங்கினேன்.

வீட்டில் இருந்த சான்றுகளை முதலில் எடுத்து வைத்தேன். அட்டை கிழிந்த ‘நீதி நூல்’ பிரதி ஒன்று. அது முன்சீப் தம் கையால் கொடுத்தது என்பார்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் முதல் ஏட்டில் பள்ளிப் பரிசு முத்திரையும், 1911 என்ற ஆண்டும் இருக்கின்றன. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1889 ஜூலை 21இல், அவர் காலமாகிவிட்டார். அடுத்த சான்று, என் பாட்டனாரின் பாட்டனார் பெயர் வேதநாயகம் என்பது. மூன்றாவது, அவர் ஊர் குளத்தூர் என்பது. இவ்வளவே.

பெயர் ஒன்று, ஊர் ஒன்று. இனி என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். வேதநாயகம் என்பது நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் தெருவுக்கு ஒருவராய் வழங்கிய பெயர். தஞ்சையில் சரபோஜி மன்னரின் நண்பராய் விளங்கி, ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடி, 1864இல் மறைந்த வேதநாயக சாஸ்திரியார் வேறொருவர். அவர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். சபை மாறி மணம் செய்துகொண்ட எங்கள் கிளை ஒன்று, "நம் முன்னோர் சாஸ்திரியார்தான்" என்று அரை நூற்றாண்டாக எங்களோடு வழக்காடி வருகிறது! இனிக் குளத்தூரோ? புதுக்கோட்டைப் பக்கம் ஒரு குளத்தூர், தூத்துக்குடிப் பக்கம் ஒரு குளத்தூர், சென்னையிலேயே ஒரு கொளத்தூர். குளம் வெட்டிய ஊரெல்லாம் குளத்தூர்தானே. குடும்பப் பெயர் என்பது நமக்கு இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு ஓர் எழுத்தாகக் குறுகி, பேரனிடம் அதுவும் மறைந்துவிடுகிறது. மூன்று தலைமுறைக்கு அப்பால் நாம் இருட்டில் கைவிட்டுத் துழாவுகிறவர்களே.

எங்களுக்கு இருந்த ஒரு வசதி, கோயில் பதிவேடுகள். திருமுழுக்கு, திருமணம் இவற்றைப் பங்குகளில் எழுதி வைக்க வேண்டுமென்று பதினாறாம் நூற்றாண்டில் திரெந்து நகரில் கூடிய திருச்சங்கம் விதித்தது. அடக்கப் பதிவு பின்னால் வந்தது. 1809இல் இங்கே கண்டோன்மெண்ட் ஏற்பட்டபின், சென்னைப் படையோடு சமையற்காரராய், ரைட்டராய், காண்டிராக்டராய், சிப்பாயாய் வந்து குடியேறிய தமிழ் மக்களின் பெயர்களைப் பிரெஞ்சுப் பாதிரிமார் லத்தீனில் எழுதி வைத்தார்கள். காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். ‘வேதநாயகம்’ என்ற பெயரை ஒரே பக்கத்தில் மூன்று விதமாகக் கண்டேன். பக்கங்களைப் புரட்டுவதற்கே மூச்சை அடக்க வேண்டும். தொட்டால் உதிரும் தாள்.

பதினோராம் நாள் கிடைத்தது. என் கொள்ளுப் பாட்டனாரின் திருமணம்: 1891, பிப்ரவரி. ‘குளத்தூர் வேதநாயகத்தின் மகன்’ என்று எழுதியிருந்தது. நான் அங்கேயே எழுந்து நின்றுவிட்டேன். வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லியும்விட்டேன். பிறகுதான் அமர்ந்து, அப்பதிவை வரி வரியாகப் படித்தேன். மணமக்களின் தந்தை இறந்தவராயின் அதைக் குறிக்கும் லத்தீன் சொல்லைப் பெயருக்கு முன் சேர்ப்பது அவ்வேட்டின் வழக்கம். மணமகளின் தந்தைக்குச் சேர்த்திருக்கிறார்கள். மணமகனின் தந்தைக்கு இல்லை. முன்சீப் இறந்து ஒன்றரை ஆண்டு கழிந்தபின் நடந்த திருமணம் அது. எழுதியவர் மறந்திருக்கலாமே என்று நானே நாவலாசிரியருக்காக வாதாடினேன். அவ்வாதம் பக்கத்தின் அடிவரைதான் நின்றது. அங்கே சாட்சிகளின் வரிசையில் மணமகனின் தந்தை வேதநாயகம் நேரில் நின்று ஒப்பமிட்டிருக்கிறார். ஒப்பம் என்றா சொன்னேன்? கீறல். எழுதத் தெரியாதவர் இடும் சிலுவைக் கீறல்.

பிரதாப முதலியார் தம் சரித்திரத்தைத் தொடங்கும்போது, நவாபிடம் திவானாக இருந்த பாட்டனாரைப் பற்றித்தான் முதலில் சொல்வார். நானும் அப்படித் தொடங்க எண்ணியிருந்தேன். தமிழின் முதல் நாவலை எழுதிய கை எங்களுடையது என்று நம்பியிருந்தோம். கிடைத்தது ஒரு கீறல்.

தேடலை அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் கையோடு அடக்கப் பதிவேட்டையும் பார்த்துவிடலாமென்று தோன்றியது. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. அவ்வாண்டின் பக்கங்களில் எழுத்து நெருங்கி, சரிந்து, அவசரமாகிறது. எழுதிய பாதிரியாருக்கும் ஓய்விருந்திராது. அங்கே என் கொள்ளுப் பாட்டனாரின் பெயர் இருமுறை வந்தது, தந்தை என்ற இடத்தில். நான்கு நாள் இடைவெளியில் இரண்டு குழந்தைகள்: ஆறு வயதுப் பெண் ஒருத்தி, இரண்டு வயது ஆண் ஒருவன். அவனுக்கு வேதநாயகம் என்று பெயர். அவர்களுக்கு இடையில் பிறந்து, பிழைத்தவர் என் பாட்டனார். இவ்விரு குழந்தைகளைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ஒருநாளும் பேசிக் கேட்டதில்லை. முன்சீப்பைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம்.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லியாக வேண்டும். அவருக்கு வயது தொண்ணூற்றொன்று. முன்சீப் கதையை எங்களுக்கெல்லாம் சோற்றோடு ஊட்டியவர் அவர். அதைக் கேட்டது தம் பாட்டியிடம். சொல்லாமலே விட்டுவிடலாம் என்றார் என் மனைவி. அது நியாயந்தான் என்று எனக்கும் பட்டது. ஆனால் அத்தையே, "கோயிலில் என்ன கிடைத்தது, தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

சொன்னேன். கீறலைச் சொன்னபோது அவர் முகம் வாடியது உண்மை. "யாரோ படித்தவர்கள் கட்டிவிட்டதை நாங்கள் நம்பினோமா?" என்றார். பிறகு குழந்தைகளைச் சொன்னேன். வெகுநேரம் பேசாதிருந்தார். "கல்லறைத் திருநாளில் பாட்டி, தாத்தாவின் கல்லறைக்கு ஏற்றியதுபோகத் தனியே தரையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். யாருக்கென்று கேட்டால் அடிப்பாள்" என்றார்.

அந்தப் பதிவைப் படம் எடுத்து வைத்திருந்தேன். கீறலைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். அதன்மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழாக ஒரு முறை, இடமிருந்து வலமாக ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

"வரும் நவம்பரில் என்னை அழைத்துப் போ, மூன்று மெழுகுவர்த்தி வாங்கி வா" என்றார்.