ராலி ஓட்டம்: முதல் பாடம் பிரேக்கில்தான்



‘கணினி விளையாட்டால் நம் பிள்ளைகளுக்கு இலாபமா, நட்டமா?’ என்பது இன்றைய கருத்தரங்கின் கேள்வி. சண்டை விளையாட்டு, பந்து விளையாட்டு பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். கார் பந்தயத்தை மட்டும் எடுத்துக் கொள்வோம். அதிலும் ஒரே ஒரு வகை: ராலி.

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை 6 மணிக்குக் கார் ஓட்டியவர்களைக் கேளுங்கள். 10 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தாலே அன்றைக்கு நல்ல நாள் என்பார்கள். அந்த நெரிசலுக்கு மேலே, அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில், ஒரு பையன் மேசை விளிம்பில் ஸ்டீயரிங்கை மாட்டிக்கொண்டு பின்லாந்துக் காட்டில் 160-இல் பறந்து கொண்டிருக்கிறான். “டேய், சாப்பிட வாடா” என்று அம்மா கதவைத் தட்டுகிறார். “இந்த ஸ்டேஜ் முடியட்டும்மா” என்று பதில் வருகிறது. அம்மாவின் கவலை ஆறிப்போகும் சோறு மட்டுமல்ல. அடுத்த ஆண்டு இவன் லைசன்ஸ் எடுத்துவிடுவான். இதே கையோடு காராக் நெடுஞ்சாலையில் ஏறினால் என்ன ஆகும் என்பதுதான் அவரை உறுத்துகிறது.

நியாயமான கவலைதான். ஆனால் அந்தப் பையன் திரையில் என்ன கற்கிறான் என்பதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சிப்பாங் போன்ற ஓடுதளத்தில் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றலாம். ராலியில் அது நடக்காது. காட்டுப் பாதை, மலைப் பாதை, பனி, சேறு என்று மாறிக்கொண்டே வரும். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே புறப்படும். போட்டி கடிகாரத்தோடுதான். நம் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்துச் செம்மண் சடக்கை நினைத்துக் கொள்ளுங்கள். ஆசிய பசிபிக் போட்டித் தொடரின் மலேசியச் சுற்று பல ஆண்டுகள் ஜோகூர் செம்பனைத் தோட்டங்களுக்குள்தான் நடந்தது. குலை ஏற்றிய லோரி போகிற அதே மண் பாதையில்தான் அந்தக் கார்கள் சீறின.

அந்த மண்ணில் பழகிய கரம்ஜித் சிங், 2002-இல் உற்பத்திக் கார் பிரிவின் உலக ராலி பட்டத்தை வென்றார். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் அவர். பக்கத்து இருக்கையில் வழி சொன்னவர் ஆலன் ஓ. ஓட்டியது புரோட்டோன் பெர்ட். பெயர் நம்முடையது, உள்ளிருந்த பொறியோ மிட்சுபிஷியின் வம்சம். உற்பத்திக் கார் பிரிவு என்றால் கடையில் விற்கும் காருக்கு நெருக்கமான கார். இஷ்டம்போல் திருத்த விதி இடம் தரவில்லை. ஆகவே அங்கே பெரிய எஞ்சின் யாரையும் காப்பாற்றவில்லை. காரை உடைக்காமல் கொண்டு சேர்க்கிற கை வேண்டியிருந்தது.

சரி, அந்தக் கை என்ன செய்கிறது?

காரின் எடையை நகர்த்துகிறது. கண்ணாடியில் தொங்கும் மாலையைக் கவனித்திருக்கிறீர்களா? பிரேக் அடித்தால் முன்னால் வருகிறது, எண்ணெய் கொடுத்தால் பின்னால் போகிறது. ஏறக்குறைய 1,300 கிலோ காரும் அதைத்தான் செய்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரங்களில் இறங்குகிறது; அவை மண்ணை நன்றாகப் பற்றிக் கொள்கின்றன, கார் திரும்புகிறது. பின் சக்கரங்கள் இலேசாகின்றன, வால் வழுக்குகிறது. ராலி வித்தை முழுவதும் இந்த ஒரு சங்கதியிலிருந்து கிளைத்ததுதான்.

புதிதாக ஆடுகிறவன் வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பயந்து போய் நடுவில் பிரேக்கை மிதிப்பான். கார் நேராக மரத்துக்குப் போகும். ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் பயனில்லை, ஏனென்றால் முன் சக்கரங்கள் ஏற்கெனவே வழுக்கிக் கொண்டிருக்கின்றன. விவரமானவன் நேர்ப் பாதையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறான். வளைவின் வாயிலில் பிரேக்கைச் சிறிது சிறிதாக விடுகிறான். மூக்கு உள்ளே திரும்பியதும் எண்ணெய் கொடுக்கிறான். பார்ப்பதற்கு இவன் மெதுவாகப் போவது போலிருக்கும். கடிகாரத்தைப் பாருங்கள், இவன்தான் முன்னே.

இதற்கு மேல் உள்ளவை ஆடம்பரம் என்று தோன்றும். ஆனால் அவற்றுக்கும் காரணம் உண்டு. வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் முதலில் இடப்பக்கம் ஓர் ஒடிப்பு, எண்ணெயை விட்டு உடனே வலப்பக்கம். ஊஞ்சல் போல எடை ஒரு பக்கம் போய்த் திரும்பி வரும்போது வால் தானாகச் சுழன்று கொடுக்கும். ஸ்காண்டிநேவிய ஓட்டுநர்கள் வழக்கமாக்கிய முறை இது. கொண்டை ஊசி வளைவில் கைப்பிரேக்கை ஒரு நொடி இழுத்துப் பின் சக்கரங்களைப் பூட்டுவது இன்னொன்று. இடக்காலால் பிரேக், வலக்காலால் எண்ணெய் என்று இரண்டையும் சேர்த்து மிதிப்பது மூன்றாவது. முன் சக்கர இழுவைக் காரில் இதன் பலன் அபாரம்: முன் சக்கரங்கள் இழுத்துக்கொண்டே இருக்கும், பின்பக்கம் தடைபட்டுச் சுழலும். நாம் ஓட்டுகிற மைவி, சாகா எல்லாம் முன் சக்கர இழுவைதான். ஆனால் இதைச் சாலையில் செய்து பார்க்கிறவன் கெட்டிக்காரன் அல்லன். திரையோடு நிற்க வேண்டிய வித்தை இது.

இனிக் காரை ஒழுங்கு செய்யும் பகுதி. பல பையன்கள் இந்தப் பக்கத்தைத் திறக்காமலேயே ஆடுகிறார்கள். பாதி சுவாரசியம் இங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு தாழ்த்துகிற மோகம் உண்டு. அந்த ரசனையோடு விளையாட்டில் கிரேக்க நாட்டுக் கல் பாதைக்குப் போனால் அடிவயிறு கிழியும். மண் பாதைக்கு உயரம் வேண்டும். ஸ்பிரிங் இளகியிருக்க வேண்டும். சக்கரம் குழியில் இறங்கி ஏற இடம் வேண்டும். தார்ச் சாலைக்கு நேர்மாறு: தாழ்வு, இறுக்கம். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, அப்சோர்பர் அதன் துள்ளலை அடக்குகிறது. பின்லாந்து மேடுகளில் பறந்து விழுந்த கார் பந்து போல் இரண்டு முறை எகிறினால் அப்சோர்பர் போதவில்லை என்று அர்த்தம். சுவீடனில் டயர் ஒல்லியாக, ஆணி பதித்திருக்கும். அகன்ற டயர்தான் நன்றாகப் பற்றும் என்று நினைப்போம். பனியில் அப்படியல்ல. ஒல்லி டயர் மேல் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்க, ஆணிகள் கெட்டியான பனிக்கட்டியைப் பிடிக்கின்றன.

‘டிஃபரென்ஷியல்’ என்ற சொல்லைக் கண்டு மிரள்கிறவர்கள் அதிகம். தோட்டத்துச் சேற்றில் லோரி மாட்டிக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஒரு சக்கரம் காற்றாடி போல் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். சக்தி முழுவதும் சுலபமாகச் சுற்றுகிற பக்கம் ஓடிவிடுகிறது. வளைவில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டியிருப்பதால் இரண்டுக்கும் வேறு வேறு வேகம் தருகிற அமைப்பு அது. சேற்றில் அந்த உதவியே உபத்திரவமாகிறது. அதை ஓரளவு பூட்டினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளும். முழுக்கப் பூட்டினால் கார் திரும்ப அடம் பிடிக்கும். பிரேக் பங்கீடும் அப்படித்தான். பின்னால் சற்றுக் கூட்டினால் வால் எளிதில் திரும்பும், அளவு மீறினால் காரே திரும்பி நிற்கும்.

ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றிவிட்டு, எது நல்லது செய்தது என்று தெரியாமல் விழிக்கிறவர்கள்தான் பெரும்பாலோர். ஒன்றை மாற்று, அதே பாதையில் ஓட்டு, நேரத்தைக் குறித்து வை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தானே? கணக்கு நோட்டைத் தொடாத பிள்ளை கியர் விகிதத்தை எழுதி வைத்துக் கூட்டிக் கழிப்பதைப் பார்த்து அம்மாக்கள் அதிசயப்படலாம்.

விளையாட்டுகளிலும் தரம் உண்டு. 1998-இல் வந்த ‘கோலின் மெக்ரே ராலி’யில் வழி சொல்லும் குரல், மெக்ரேயின் உண்மையான துணை ஓட்டுநர் நிக்கி கிரிஸ்டுடையது. 2004-இல் வந்த ‘ரிச்சர்ட் பேர்ன்ஸ் ராலி’ கருணையே இல்லாதது. அதனாலோ என்னவோ, 20 ஆண்டுகள் கடந்தும் ரசிகர்கள் அதில் புதிய கார்களையும் பாதைகளையும் சேர்த்து ஆடுகிறார்கள். 2001-இன் உலக வெற்றியாளரான பேர்ன்ஸ், அந்த விளையாட்டு வந்த மறு ஆண்டே மூளைக் கட்டியால் காலமானார். திரையிலிருந்து காட்டுக்குப் போனவர்களும் உண்டு. வட அயர்லாந்தின் ஜோன் ஆம்ஸ்ட்ராங், உண்மை ராலியும் ஓட்டிக்கொண்டே, 2018-இல் உலக ராலியின் மின்விளையாட்டுப் பட்டத்தையும் வென்றார்.

அந்தத் துணை ஓட்டுநர் குரலுக்கு வருவோம். “இடம் நான்கு, மேடு, வலம் இரண்டு, வெட்டாதே.” பல விளையாட்டுகளில் எண் குறையக் குறைய வளைவு கடுமையாகும். கண் காணாத வளைவைக் காது முன்கூட்டியே காண்கிறது. பையன் ஒரு வளைவில் இருக்கும்போதே குரல் அடுத்ததைச் சொல்லிவிடும். கேட்டதை நம்பி, காணாத இடத்துக்காக இப்போதே பிரேக் பிடிக்க வேண்டும். யார் சொன்னாலும் கேட்காத வயதில் ஒருவன் இன்னொரு குரலுக்கு இப்படிக் கட்டுப்படுவது சாதாரணமல்ல.

ஆனால் திரை ஒன்றை மறைத்துவிடுகிறது. மரத்தில் மோதினால் ஒரு பொத்தான், மறுபடி ஆரம்பம். உடம்பு எதையும் உணராது. வழி சொன்ன குரலுக்கும் ஒன்றும் ஆகாது. 2005 செப்டம்பரில் வேல்ஸ் ராலியில் மார்கோ மார்ட்டின் ஓட்டிய கார் மரத்தில் மோதியது. மார்ட்டின் பிழைத்தார். பக்கத்து இருக்கையிலிருந்த மைக்கேல் பார்க் அங்கேயே உயிரிழந்தார். தலைக்கவசம், இரும்புக் கூண்டு, பல முனை இருக்கைப் பட்டை, காத்திருந்த மருத்துவக் குழு எல்லாம் இருந்தும் நடந்தது அது. நம் பையன்கள் இரவு 1 மணிக்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு மாமாக் கடைக்குக் கிளம்பும் காரில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. பின் இருக்கையில் பட்டையைக்கூடப் பலர் மாட்டுவதில்லை.

ஆகவே பெற்றோர்களே, விளையாட்டுப் பெட்டியைப் பிடுங்கி அலமாரிக்கு மேல் வைப்பதற்கு முன், ஒரு மாலை அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிக்கிறான், ஏன் அங்கே என்று கேளுங்கள். விளக்கத் தெரிந்தால் அவனுக்குக் கார் புரிய ஆரம்பித்திருக்கிறது. தெரியாமல் எண்ணெயை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தால் லைசன்ஸை ஓராண்டு தள்ளிப் போடலாம். பிறகு, ‘பி’ ஒட்டிய காரில் முதல் முறை அவன் கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது, பக்கத்து இருக்கையில் நீங்களே இருங்கள். அடுத்த வளைவைச் சற்று முன்னதாகவே சொல்லுங்கள்.